எலியால் வந்த நோயா, எலியோடு வந்த நோயா?

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க் குழுவினர் எமக்கு எழுதியபோது, தமிழாசிரியர் ஒருவரிடமிருந்து அவர்கள் எதிர்பார்த்தது சங்க இலக்கியத்தைப் பற்றியோ சமய குரவரைப் பற்றியோ ஓர் ஆராய்ச்சியாகவே இருத்தல் வேண்டும். இக்கல்லூரியின் விடுதியிலே உண்டு உறங்கி, இதன் நூல்நிலையத்திலே தமிழை முதன்முதற் சுவைத்து, பின்னர் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்று, இன்று ஊவா மலைநாட்டில் எல்லப் பகுதியிலே தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்துவரும் எமக்கும் அதுவே எளிதாய் இருந்திருக்கும். ஆயினும் யாம் எழுதப் புகுந்திருப்பது எலியைப் பற்றி. அன்பர்கள் முகஞ் சுளியாது சற்றே பொறுத்தருள வேண்டுகின்றோம்.

நிகழ்ந்தது இதுதான். எம்மிடம் படித்து இன்று கொழும்பிலே கடையொன்றில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் ஓர் இரவு எம்மைத் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய தாயார் ஆயுள் முழுதும் கொழுந்தெடுத்து ஓய்ந்தவர்; எல்லக்கு மேலேயுள்ள தோட்டமொன்றின் பழைய லயத்தில் தனியே வாழ்கின்றார். கால் வீங்கிப் பதுளைக்குப் போனவிடத்தே சிறுநீரகம் பழுதுற்றிருப்பதாகச் சொன்னார்கள். அதே வாரத்தில், எலியிலிருந்து வரும் வைரசால் சிறுநீரக நோய் உண்டாகின்றது என்னும் செய்தி யாரோ ஒருவர் வழியாக லயத்துக்கு வந்து சேர்ந்தது. அவ்வளவுதான். அடுத்த காம்பிராவார் அவ்வம்மையாரின் வீட்டில் தேநீர் அருந்துவதை விட்டனர். பீலியடியில் அவருடைய குடத்தைத் தள்ளி வைத்தனர். "சேர், அம்மாவுக்கு எலியால்தானா இந்த வருத்தம்? மற்றவர்களுக்கும் ஒட்டுமா?" என்று அவர் கேட்டபோது எம்மிடம் விடையில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாகச் சந்தேக விபரீதமறச் சொல்லிக் கொடுப்பதாக எண்ணியிருந்த எமக்கு அது பெரும் வெட்கமாயிற்று. எம்மோடு இதே கல்லூரியில் ஒரே வாங்கில் இருந்து இன்று வைத்தியராய் விளங்கும் நண்பரை நாடினோம். அவர் காட்டியவற்றை வாசித்தோம். விளங்காதவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். அதன் பயனே இக்கட்டுரை.

எம் பதுளை மாவட்டத்தின் வடகோடியில், மலை இறங்கி மகியங்கனைக்கும் அப்பால், மகாவலிக் குடியேற்றமாகிய கிராந்துருக்கோட்டை உளது. எல்லப் புகையிரத நிலையத்தில் இறங்கி ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம்பிடிக்கும் உல்லாசப் பயணிகளுக்கு அப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியாது. நெல் விளையும் பூமி, வெயில் கடுமையானது. அங்குள்ள கமக்காரரைப் பற்றியிருக்கும் நோய், காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் எனப்படுவது. 1990களின் நடுப்பகுதி முதல் வடமத்திய மாகாணத்திலும் மகாவலிப் புறங்களிலும் கண்டறியப்பட்டு வருவது. சிறுநீரகங்கள் கெடுவதற்கு வழக்கமான காரணங்கள் நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும். இவர்களிடமோ இவ்விரண்டும் இல்லை. உழைக்கும் வயதினர், பெரும்பாலும் ஆடவர், ஓசையின்றி நலிகின்றனர். கிணற்று நீரின் வன்மை, புளோரைட்டு, கட்மியம், ஆசனிக்கு, களைகொல்லி, வெயிலில் நீரின்றி உழைத்தல் என ஒவ்வொருவர் ஒவ்வொன்றைச் சுட்டினர். எல்லோரையும் ஒப்பவைத்த ஒரு காரணம் இன்னும் வரவில்லை.

இவ்வரிசையிலேதான் எலியும் வந்து நிற்கின்றது. ஹன்டா வைரசு என்பது கொறிக்கும் பிராணிகளில் வாழ்வது. அவற்றுக்கு அதனாற் கேடில்லை. அவற்றின் சிறுநீரும் எச்சமும் காய்ந்து தூசியாகி மூச்சோடு மனிதர் உடலிற் புகுமாயின், காய்ச்சலும் சிறுநீரகத் தாக்கமும் திடீரென உண்டாகலாம். கொரியப் போரின்போது 1951 முதல் 1953 வரை மூவாயிரத்துக்கு மேற்பட்ட போர்வீரர் விளங்காத காய்ச்சலுக்கு ஆளாயினர். அதன் காரணத்தை, ஹன்டான் ஆற்றுப்புறத்து வயலெலியின் நுரையீரலில் 1976இல் கண்டவர் லீ ஹோ வாங் என்னும் கொரிய அறிஞர். இலங்கையிலும் இது உண்டு என்பதை 1988ஆம் ஆண்டிலேயே வைத்தியர் திஸ்ஸ விதாரணவும் அந்த லீயும் பிறரும் 'லான்செற்' இதழில் அறிவித்தனர். 2016இல் பேராதனைப் பல்கலைக்கழகத்துச் சந்திக கமகே, உடனாய்வாளர் ஒருவரோடு சேர்ந்து ஓர் ஐயத்தை எழுப்பினார்: காரணம் அறியப்படாத அச்சிறுநீரக நோய்க்கு எலிக்காய்ச்சலும் ஹன்டா வைரசும் காரணமாய் இருக்கக்கூடுமா? அதன்பின் பேராதனையாரும் யப்பானிலுள்ள ஹொக்கைடோப் பல்கலைக்கழகத்தாரும் கூடி ஆராய்ந்தனர். நோயாளரின் இரத்தத்தில் இவ்வைரசுக்கெதிரான பிறபொருளெதிரி, நோயற்றோரினும் கூடிய விகிதத்தில் இருப்பதைக் கண்டு 2019இல் வெளியிட்டனர். 2021இல், கிராந்துருக்கோட்டையிற் பிடிபட்ட எலிகளில் அவ்வைரசுகளையே கண்டு, முன்னர் அறியப்படாத ஒன்றுக்கு லங்கா வைரசு எனப் பெயருமிட்டனர்.

இவை அருமையான வேலைகள். இவற்றை யாம் மதிக்கின்றோம். ஆனால் இவ்வறிஞர் சொன்னது வேறு, லயத்துக்கு வந்து சேர்ந்த செய்தி வேறு. அவ்வேறுபாட்டை விளக்க வைத்திய நூல் வேண்டியதில்லை. யாம் எட்டாம் வகுப்பிற் கற்பிக்கும் இலக்கணமே போதும்.

மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி எனப் பொருள்கள் உண்டென்பதை இம்மலரை வாசிக்கும் அன்பர் ஒவ்வொருவரும் ஒருகாலத்தில் மனனஞ் செய்தவரே. வாளால் வெட்டினான் என்புழி வாள் கருவி. தச்சனாற் செய்யப்பட்டது என்புழித் தச்சன் கருத்தா. தந்தையோடு மகன் வந்தான் என்புழியோ இருவரும் உடன் வந்தனர் என்பதன்றி, தந்தையே மகனை வருவித்தான் என்பது பொருளன்று. கிராந்துருக்கோட்டையில் கண்டறியப்பட்டது 'ஓடு'. நோயோடு பிறபொருளெதிரியும் மிகுதியாய் உளது. அச்செய்தி மலையேறி எம் லயத்துக்கு வந்து சேர்வதற்குள் எங்கோ ஓரிடத்தில் அந்த 'ஓடு' கழன்று விழுந்து 'ஆல்' ஒட்டிக்கொண்டது. ஓர் உருபு மாறியது. ஓர் அம்மையாரின் குடம் தள்ளி வைக்கப்பட்டது.

பிறபொருளெதிரி என்பது, இன்ன வைரசு இவ்வுடலில் ஒருகால் புகுந்து சென்றது என்பதற்கு உடல் வைத்திருக்கும் பதிவு. விருந்தினர் ஏட்டில் ஒருவன் பெயர் இருப்பது அவன் வந்தான் என்பதற்குச் சான்று. அவன்தான் வெள்ளிக் கிண்ணத்தைத் திருடினான் என்பதற்குச் சான்றாகாது. வயலில் இறங்குபவனுக்கு எலியும் உண்டு, வெயிலும் உண்டு, கிணற்று நீரும் உண்டு, மருந்தடிக்கும் கருவியும் தோளில் உண்டு. இவற்றுள் ஒன்று சிறுநீரகத்தைக் கெடுக்க, மற்றொன்று வெறுமனே உடன் நின்றிருக்கலாம். அன்றி, எலி வைரசே மெய்க் காரணமாகவும் இருக்கலாம். திடீரெனச் சிறுநீரகத்தைத் தாக்கும் ஆற்றல் அதற்கு உண்டென்பது நிறுவப்பட்டதே. பல்லாண்டு கழித்து மெல்லக் கெடுப்பதும் அதுவேயா என்பதே வினா.

இத்தகைய வினா ஒன்று அமெரிக்காவில் எழுந்து, உலகமெங்கும் பரந்து, ஆறே ஆண்டுகளில் அடங்கிய வரலாறு ஒன்றை நண்பர் எமக்குச் சொன்னார். கதை போலவே இருந்தது, ஆனால் கதையன்று.

சுண்டெலிகளிடம் ரெட்ரோவைரசு என்னும் வேறொரு வகை வைரசுகள் உண்டு. ஹன்டாவுக்கும் அவற்றுக்கும் உறவில்லை. ஏடெழுதுவோன் இடைச்செருகலாகத் தன் பாட்டொன்றை மூல நூலினுள் நுழைத்துவிட, பின்வந்தோர் அதனையும் மூலமென்றே படியெடுப்பது போல, ரெட்ரோவைரசு தன் செய்தியைக் கலத்தின் பரம்பரை ஏட்டிலேயே எழுதிவிடும். சுண்டெலியின் பரம்பரை ஏட்டில் இவ்வகை இடைச்செருகல்கள் மிகப்பல, தலைமுறை தலைமுறையாகத் தொடர்பவை. 2006இல், சுண்டெலி வைரசை ஒத்த ஒன்று மனிதரின் முன்னிற்குஞ்சுரப்பிப் புற்றுநோய்க் கட்டிகளில் இருப்பதாகக் கிளீவ்லாந்து, சான் பிரான்சிஸ்கோ நகரங்களின் அறிஞர் அறிவித்தனர். எக்ஸ்.எம்.ஆர்.வி. என்பது அதன் பெயர். 2009 ஒக்டோபரில் நெவாடாவிலுள்ள நிறுவனம் ஒன்றைச் சேர்ந்த ஜூடி மைக்கோவிற்சு முதலியோர், நீடித்த களைப்பு நோயுடையார் 101 பேரில் 68 பேரிடத்தும், நலமுடையார் 218 பேரில் 8 பேரிடத்தும் அவ்வைரசு உளதென்று 'சயன்ஸ்' இதழில் எழுதினர்.

நீடித்த களைப்பு நோயுடையாரின் நிலையை எண்ணிப் பாருங்கள். படுக்கையை விட்டெழ முடியாது கிடப்பவரைச் சோம்பேறி என்றும் மனப்பிரமை என்றும் ஊரார் ஏசியிருந்த காலம். அவர்களுக்கு இச்செய்தி தேனாய் இனித்தது. மெய்யான நோய், மெய்யான வைரசு! சிலர் எயிட்சு நோய்க்கான கடு மருந்துகளையே எடுத்து உண்ணத் தொடங்கினர். 2010இல் கனடாவும், அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கமும் இந்நோயுடையாரின் இரத்தம் வேண்டாவென விலக்கின.

ஆனால் 2010 ஜனவரியிலேயே இலண்டனில் 186 நோயாளரைச் சோதித்தவர்கள் ஒருவரிடத்திலும் அதனைக் கண்டிலர். பிற நாட்டாரும் பெரும்பாலும் கண்டிலர். ஏன்? பரிசோதனைச் சாலையில் வழங்கும் பொருள்களில் சுண்டெலியின் பரம்பரைப் பொருள் அணுவளவு கலந்திருந்தாலும், நுட்பமான சோதனை அதனையே நோயாளரிடமிருந்து வந்ததாகக் காட்டிவிடும். 2011இல் வேரே வெளிப்பட்டது. 1990களில் ஒரு மனிதரின் புற்றுக் கட்டியைச் சுண்டெலிகளில் மாறி மாறி நட்டு வளர்த்தபோது, அச்சுண்டெலிகளின் பரம்பரை ஏட்டிலிருந்த இரு துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்திப் பிறந்ததே அவ்வைரசு. மனிதரிடையே உலவியதன்று, பரிசோதனைச் சாலையிற் பிறந்தது. 'சயன்ஸ்' இதழ் 2011 டிசம்பரில் அக்கட்டுரையை மீட்டுக்கொண்டது. இயன் லிப்கின் என்பார் நடத்திய பெரிய சோதனையில் 147 நோயாளரும் 146 நலமுடையாரும் ஆராயப்பட்டனர். ஒருவரிடத்தும் வைரசு இல்லை. 2012இல் வெளிவந்த அம்முடிவில், முன்பு உண்டென்று எழுதிய மைக்கோவிற்சும் ஓர் ஆசிரியராய் இருந்தார் என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது.

ஏட்டுச்சுவடிகளை அச்சேற்றிய எம் முன்னோராகிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும் உ. வே. சாமிநாதையர் அவர்களும் ஓர் ஏட்டை நம்பி நின்றிலர். பல ஊர் ஏடுகளைத் தேடி ஒப்பு நோக்கினர். ஒரே கையெழுத்துப் படியில் மட்டும் காணும் பாடத்தை மூலமென்று துணிவதில் உள்ள இடர் அவர்கள் அறிந்தது. வைரசு தேடுவோர்க்கும் அதுவே முறை போலும்.

இதனைப் படித்தவுடன், "பார்த்தீர்களா, எலி வைரசு என்பதெல்லாம் வெறும் புரளி" என்று ஆசிரியர் அறையில் ஒருவர் கூறினார். யாம் அதற்கு உடன்படவில்லை. அமெரிக்காவில் பொய்த்தமையால் கிராந்துருக்கோட்டையிலும் பொய்க்கும் என்பது தர்க்கமன்று. ஹன்டா வைரசு பரிசோதனைச் சாலையிற் பிறந்ததன்று. வயலிற் பிடித்த எலியில் கண்டது. மேலும், எலியின் மேல் எழுந்த ஐயம் மெய்யாய் முடிந்த வரலாறும் உண்டு. கொள்ளைநோய் எலியிடமிருந்து தெள்ளுப்பூச்சியால் மனிதருக்கு வருகின்றது என்று போல் லூயி சிமொண்ட் என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1898இல் கராச்சியிலே சோதித்துச் சொன்னபோது, பெரியோர் பலர் அதனை ஏற்றிலர். பல ஆண்டு கழித்துப் பம்பாயில் நடந்த விரிவான ஆராய்ச்சியே அவர் சொல்லை நிலைநாட்டியது. அங்கே 'ஆல்' என்பதே சரியான உருபாயிற்று. ஆயினும் அது சரியென்பது சோதனைக்குப் பின்னரே தெரிந்தது.

தோட்டத்து மக்களாகிய எமக்கு இவ்விடயம் ஏட்டுச் சுரைக்காய் அன்று. எம் பாட்டன்மார் மண்டபம் முகாமில் நாட்கணக்காய் அடைபட்டு, குளிப்பாட்டப்பட்டு, ஊசி ஏற்றப்பட்டுக் கப்பலேறியவர்கள். கொள்ளைநோயும் பேதியும் வந்துவிடும் என்ற அச்சத்தால் வகுத்த ஏற்பாடு அது. அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆனால் அதே பாதையால் வந்த துரைமாருக்கு அம்முகாம் இருக்கவில்லை. நோயைப் பற்றிய ஐயம் யார் தலையில் முதலில் விழும் என்பதை அன்றே கற்றோம்.

அண்மைக் காலத்துச் சான்றும் ஒன்றுண்டு. 2014இல் இலங்கை அறிஞர் சிலர், கிளைபோசேற்று என்னும் களைகொல்லியும் வன்னீரும் உலோகங்களும் கூடிச் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றனவோ என ஒரு கருதுகோளை வெளியிட்டனர். அக்கட்டுரையின் தலைப்பே வினாக்குறியோடு முடிவது. கமகே அவர்களின் 2016ஆம் ஆண்டுக் கட்டுரையும் அவ்வாறே வினாக்குறியோடு முடியும் தலைப்புடையது. அறிஞர் வினாக்குறியை இடுகின்றனர். வழியில் யாரோ அதனை உதிர்த்துவிடுகின்றனர். 2015இல் அரசாங்கம் அக்களைகொல்லியை நாடெங்கும் தடை செய்தது. நெல் வயலில் எழுந்த ஐயம் தேயிலை மலையிலும் தடையாயிற்று. அச்சிறுநீரக நோய் எம் மலைத் தோட்டங்களின் நோயன்று. எனினும் புல் மண்டிய மலையில் ஏறிக் கொழுந்தெடுத்தவர் எம் பெண்கள். மாற்றாக அடித்த வேறொரு களைகொல்லியின் எச்சம் தேயிலையில் இருப்பதாக யப்பான் வினவியது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. களைகொல்லி நல்லதென்று யாம் வாதாடவில்லை. தோளில் சுமந்து அடிப்பவனுக்கு அது நல்லதன்று என்பதைக் கண்ணாற் கண்டிருக்கின்றோம். எம் குறை வேறு. தடை போட்ட நாளிலும் எம்மவரிடம் யாரும் எதனையும் விளக்கிலர். எடுத்த நாளிலும் விளக்கிலர்.

ஆகவே யாம் வேண்டுவது இது. எலியைப் பற்றிய ஆராய்ச்சி தொடர வேண்டும், நிறுத்துதல் பேதைமை. அது தோட்டங்களுக்கும் வரவேண்டும். லயத்துக் கூரையில் எலிக்குக் குறைவில்லை, ஆனால் கிராந்துருக்கோட்டை நோய் அங்கே ஊரை அழிக்கவில்லை. இப்படிப்பட்ட இடத்து மக்களின் இரத்தத்தையும் எலிகளையும் சோதித்து வயற்புறத்தோடு ஒப்பிட்டால், 'ஆல்' என்பதும் 'ஓடு' என்பதும் எளிதிற் பிரியும். காய்ச்சலால் வந்த ஹன்டா நோயாளரைப் பல்லாண்டு தொடர்ந்து பார்த்தாலும் தெளிவு பிறக்கும். ஆனால் இரத்தம் எடுக்க வருபவர், எதற்கு எடுக்கின்றோம் என்பதை எடுக்குமுன் தமிழிற் சொல்லட்டும். கண்டதைக் கண்டவாறு, கூட்டாதும் குறையாதும், திரும்பி வந்து தமிழிற் சொல்லட்டும். ஆய்வு ஆங்கிலத்தில் உலகுக்குப் போய், வதந்தி தமிழில் லயத்துக்கு வருவது எந்நாளும் நடக்கின்ற கூத்து. இக்கல்லூரியிலிருந்து வைத்தியராயும் விஞ்ஞான ஆசிரியராயும் சென்றோர் பலர். பத்திரிகைத் துறைக்குப் போனவரும் உளர். அவர்கள் இப்பணியை மேற்கொள்ளக் கூடாதா?

இதற்கிடையில் ஒன்றைச் சொல்லாது விடுவது பிழையாகும். ஹன்டா வினாவாய் நிற்க, எலிக்காய்ச்சல் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட நோய். அது வைரசன்று, பற்றீரியா. எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் நிற்பவரின் காற்புண் வழியே புகும். 2008இல் இலங்கையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் அதற்கு ஆளானதாகக் கணக்கிடப்பட்டது; மாண்டோர் பலர். உரிய காலத்தில் மருந்துண்டால் பிழைக்கலாம். வயலில் இறங்குமுன் உண்ணும் மாத்திரையைச் சுகாதாரத் துறையினர் கமக்காரருக்கு இலவசமாக வழங்குகின்றனர். சேற்றிலும் வாய்க்காலிலும் நின்றபின் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண்சிவப்பும் வந்தால், இஞ்சிக் கஷாயத்தோடு நான்கு நாள் காத்திராது உடனே வைத்தியசாலைக்குப் போதல் வேண்டும். லயத்தில் எலி குறைய வேண்டுமாயின் கூரை, வாய்க்கால், குப்பைக் கிடங்கு ஆகிய மூன்றும் திருந்த வேண்டும். இதற்கு லங்கா வைரசின் வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மற்றொன்று: எம் நாட்டிற் கண்ட வகை ஹன்டா வைரசுகள் ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றுவனவாக அறியப்படவில்லை. எலிக்காய்ச்சலும் தேநீர்க் கோப்பையால் அயலாருக்குப் பரவுவதன்று.

இவற்றையெல்லாம் தெரிந்துகொண்ட பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுமுறையில் வந்திருந்த அவ்விளைஞரையும் அழைத்துக்கொண்டு அந்த லயத்துக்குச் சென்றோம். பதுளையில் மேலும் சோதித்தபோது, அம்மையாருக்கு நெடுங்காலமாக நீரிழிவு இருந்ததும், அதனை ஒருவரும் கவனியாது விட்டதும் தெரியவந்திருந்தது. சிறுநீரகம் கெட்டமைக்கு வைத்தியர் சொன்ன காரணம் அதுவே. எலிக்கும் அந்நோய்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை. வாசலில் இருந்து அவர் ஊற்றித் தந்த வெறுந்தேநீரை, அடுத்த காம்பிராவார் பார்த்திருக்கவே, இரண்டு கோப்பை குடித்தோம். சீனி போடவில்லை, இனி இவ்வீட்டில் சீனி இல்லை என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே மேலே தகரத்தில் எலி ஓடியது. அத்தகரத்தை மாற்றித் தருவதாகத் தோட்டத்தார் சொல்லியிருப்பது அடுத்த மழைக்கு முன்னராம்.